கண்டிச் சீமைக்குப் போனது விருப்பமா, கட்டாயமா?

தேன்மொழி

குரூப் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருக்கிறேன். மனித இடப்பெயர்வு பாடத்தில் வகை பிரித்துக் கொடுத்திருக்கிறார்கள்: நாட்டுக்குள்ளேயே, நாடு விட்டு நாடு; சில மாதங்களுக்கு, நிரந்தரமாக; விருப்பப்பட்டு, கட்டாயத்தால். இதுவரை சரி. என்னிடம் இருக்கும் கைடு ஒன்றில் "விருப்பப்பட்டு" என்பதற்கு உதாரணமாக இலங்கைத் தோட்டங்களுக்கு, அதாவது கண்டிச் சீமைக்கு, போன தமிழ்த் தொழிலாளர்களைப் போட்டிருக்கிறது. போர், வெள்ளம், விரட்டியடிப்பு மட்டும்தான் கட்டாயமாம்.

ஊரில் கஞ்சிக்கு வழியில்லாமல், ஆள் சேர்க்கும் கங்காணி கொடுத்த முன்பணத்தை வாங்கிக்கொண்டு கிளம்பியவரை விருப்பப்பட்டுப் போனவர் என்று எப்படிச் சொல்வது? தேர்வில் எதை டிக் அடிப்பது என்பதை நான் பார்த்துக்கொள்கிறேன். உண்மையில் இது எந்த வகை?

புதுகை வாத்தியார்

தேர்வில் கைடு சொன்னதையே அடித்துவிடுங்கள் அம்மா, வம்பு வேண்டாம். இங்கே மட்டும் பேசுவோம்.

பிரிட்டிஷ் காலத்தில் தமிழ்நாட்டிலிருந்து கடல் கடந்து போன தோட்டத் தொழிலாளர்கள் எல்லாரும் ஒரே மாதிரி போகவில்லை. மொரீஷியஸ், தென்னாப்பிரிக்காவின் நேட்டால், ஃபிஜி போனவர்கள் பெரும்பாலும் ஒப்பந்தக் கூலிகள். ஐந்து வருடத்துக்குக் கைநாட்டு வைத்துவிட்டுக் கப்பல் ஏறுவார்கள். ஒரே முகாமில் தஞ்சாவூர்க்காரரும் வட ஆற்காட்டுக்காரரும் தெலுங்கு பேசுபவரும் இருப்பார்கள், யாருக்கும் யாரையும் தெரியாது. 1860-ல் மதராஸிலிருந்து நேட்டாலுக்குப் போன ட்ரூரோ கப்பல் அந்த வகை.

இலங்கைக்குப் போனது வேறு மாதிரி. அங்கே கங்காணி முறை. தோட்டத்துரையிடம் பணம் வாங்கிக்கொண்டு கங்காணி தன் சொந்த ஊருக்கே வருவார். மாமன், மச்சான், பங்காளி, ஊர்ச் சேரி ஆட்கள் என்று திரட்டுவார். ஊர்க் கடனை அடைப்பதற்கும் வழிச்செலவுக்கும் முன்பணம் கொடுப்பார். தோட்டத்தில் கால் வைக்கும்போதே ஆள் கடன்காரர். இவ்வளவு கடனைக் கட்டினால் ஆட்களை விடுகிறேன் என்று துரை எழுதிக்கொடுக்கும் சீட்டுதான் துண்டு. வேறு தோட்டத்துக்குப் போக வேண்டுமென்றால் புதுத் தோட்டத்துரை துண்டில் உள்ள கடனைக் கட்டி மொத்தக் கும்பலையும் எடுத்துக்கொள்ள வேண்டும். தொழிலாளி வேலைக்கு வந்த ஒவ்வொரு நாளுக்கும் கங்காணிக்குத் தலைக்காசு தனியாக உண்டு. அதனால் ஆள் ஓடிப்போகாமல் பார்த்துக்கொள்வதில் துரையை விடக் கங்காணிக்குத்தான் அக்கறை.

காகிதத்தில் இலங்கைக்குப் போனவர் சுதந்திரமானவர். மாத அறிவிப்புக் கொடுத்துவிட்டு வேலையை விடலாம். ஆனால் அறிவிக்காமல் போனால் 1865 சட்டப்படி சிறை. அறிவித்துவிட்டுப் போகலாம் என்றால் துண்டு இருக்கிறது. அந்தத் துண்டு முறையைச் சட்டம் போட்டு ஒழிக்க 1921 வரை ஆனது.

கணக்கன்

மன்னிக்கவும், எனக்கு இதில் உடன்பாடில்லை. இப்படிப் பேசிப் பேசியே அந்த மக்களை மந்தையாக்கி வைத்திருக்கிறோம். போனவர்களில் பெரும்பாலோர் பள்ளர், பறையர், சக்கிலியர். ஊரில் பண்ணையாளாக, படியாளாக, அப்பன் பட்ட கடனுக்கு மகன் உழைத்துக்கொண்டிருந்தவர்கள். அவர்களுக்குக் கண்டி ஒரு வழியாகத் தெரிந்திருக்காதா? அங்கே கையில் காசாகக் கூலி கிடைத்தது. ஊர் ஆண்டை இல்லை. ஒருமுறை போனவரே மறுமுறையும் போனார், தம்பியைக் கூட்டிக்கொண்டு போனார். பத்தொன்பதாம் நூற்றாண்டு முழுக்க லட்சக்கணக்கில் போவதும் வருவதுமாக இருந்திருக்கிறார்கள். கட்டாயப்படுத்திப் பிடித்துக்கொண்டு போனால் இப்படியா நடக்கும்?

தள்ளும் காரணம், இழுக்கும் காரணம் என்று பாடத்தில் இருப்பதைக் கிண்டல் செய்ய வேண்டியதில்லை. தாது வருஷப் பஞ்சம், 1876–78, தள்ளியது. காப்பித் தோட்டத்துக் கூலி இழுத்தது. முடிவு எடுத்தது அந்த மனிதர்கள்.

பரமக்குடிப் பாண்டி

எங்கள் பக்கம் இன்னும் பெரிசுகள் சொல்வது உண்டு: தேயிலைச் செடியின் தூரைத் தோண்டினால் தேங்காயும் மாசிக் கருவாடும் கிடைக்கும் என்று கங்காணி ஆசை காட்டினானாம். நம்பினார்களா, நம்புகிற மாதிரி இருந்தார்களா தெரியாது. வயிறு காய்ந்திருந்தால் எதையும் நம்பத்தான் தோன்றும்.

இன்னொன்று. மண்டபம் முகாமை இன்று எல்லாரும் அகதி முகாமாகத்தான் அறிவார்கள். முதலில் அது இலங்கை அரசாங்கம் நடத்திய தொற்றுத் தடுப்பு முகாம். தோட்டத்துக்குப் போகிறவர்களை அங்கே நாள்கணக்கில் வைத்துச் சோதித்துத்தான் அனுப்பினார்கள். போன சனமும் அதே மண்டபம், திரும்பி வந்த சனமும் அதே மண்டபம், 83-க்குப் பிறகு படகில் வந்த சனமும் அதே மண்டபம்.

புதுகை வாத்தியார்

கணக்கன் சொல்வதில் பாதியை ஒத்துக்கொள்கிறேன். சாதிக் கொடுமையிலிருந்து தப்பிக்கவும் போனார்கள், உண்மை. ஆனால் சாதி அங்கே போய்ச் சேரவில்லையா? பெரிய கங்காணிகளில் பலர் மேல்சாதி. லயத்தில், அதாவது தோட்டத்து வரிசை வீடுகளில், எந்த வரிசை யாருக்கு என்பதிலும் அது இருந்தது.

நீங்கள் "போவதும் வருவதுமாக" என்றீர்கள் பாருங்கள், அது காப்பிக் காலத்துக் கதை. 1830-களிலிருந்து 1870-கள் வரை இலங்கையில் காப்பிதான் ராஜா. காப்பிக்குப் பழம் பறிக்கும் சில மாதங்கள்தான் ஆள் கூட்டமாக வேண்டும். ஆடி, ஆவணி வாக்கில் போய், பறிப்பு முடிந்ததும் ஊருக்கு வந்து அறுவடைக்கு நிற்கலாம். பெரும்பாலும் ஆண்கள். படகில் தலைமன்னார்ப் பக்கம் இறங்கி, அனுராதபுரம், தம்புள்ளை வழியாக மாத்தளை வரை காட்டுக்குள் நடை. காலராவும் மலேரியாவும் வழியெல்லாம் ஆயிரக்கணக்கானவர்களைத் தின்றன. ஆனாலும் அது ஒரு பருவகால இடப்பெயர்வு.

1869-ல் காப்பி இலையில் துரு நோய் வந்தது. பதினைந்து இருபது வருடத்தில் காப்பி அழிந்தது. அதற்கு இரண்டு வருடம் முன்புதான், 1867-ல், லூல்கந்துரவில் ஜேம்ஸ் டெய்லர் 19 ஏக்கரில் தேயிலை போட்டிருந்தார். தேயிலைக்குப் பருவம் கிடையாது. வாரம், பத்து நாளுக்கு ஒருமுறை கொழுந்து எடுத்தே ஆக வேண்டும், வருடம் முழுக்க. கொழுந்து பறிக்கப் பெண்கள் வேண்டும், பிள்ளைகளும் வேண்டும். ஆகவே குடும்பம் குடும்பமாக ஆள் சேர்த்தார்கள். ஒரு பயிர் போய் இன்னொரு பயிர் வந்ததில், சில மாத வேலைக்குப் போனவர்களின் அடுத்த தலைமுறை அங்கேயே பிறந்து அங்கேயே புதைந்தது. யாரும் கூடி முடிவெடுக்கவில்லை.

கைடு எழுதியவர் தற்காலிகத்தையும் நிரந்தரத்தையும் இரண்டு தனி வகையாகப் போட்டுவிட்டுப் போய்விட்டார். ஒன்று மற்றொன்றாக மாறும் இடம்தான் எனக்கு முக்கியமாகப் படுகிறது.

ஹட்டன் மகள்

வாசித்துக்கொண்டே வந்தேன். நாலு தலைமுறையாக இலங்கை மலையகத்தில் இருக்கும் குடும்பம் எங்களது. எங்களைப் பற்றிக் கதைக்கும்போது எல்லாரும் ஏன் 1870-லேயே நிற்கிறீர்கள்?

எங்களுக்குப் பெரிய அடி விழுந்தது ஆக்களைக் கொண்டுவந்த காலத்தில் இல்லை. அதற்குப் பிறகு. 1939 ஆகஸ்டில் இந்திய அரசாங்கம் தோட்ட வேலைக்கு ஆள் போவதைத் தடை செய்தது. இங்கே இந்தியத் தொழிலாளர்களை அரச வேலையிலிருந்து நீக்கியதற்குப் பதிலடி அது. அந்தக் கோபத்தில் நியாயம் இருக்கலாம். ஆனால் தடை வந்ததும் ஊருக்கும் தோட்டத்துக்கும் இருந்த போக்குவரத்து நொண்டிப்போயிற்று. அம்மா சாக எட்டிப் பார்க்கவும் யோசிக்க வேண்டிய நிலை.

1947 தேர்தலில் எங்கள் ஆக்களின் கட்சியான இலங்கை இந்தியன் காங்கிரஸ் ஆறேழு ஆசனம் எடுத்தது. அடுத்த வருடம், 1948-ல், பிரஜாவுரிமைச் சட்டம். தகப்பன், அல்லது பாட்டனும் பூட்டனும் இலங்கையில் பிறந்ததை நிரூபிக்க வேண்டும். தோட்டத்தில் பிறந்த பிள்ளைக்குப் பிறப்புப் பதிவு எங்கே இருந்தது? லயத்தில் பிறந்து, கொழுந்துக் கூடையோடு வளர்ந்து, நாட்டின் ஏற்றுமதிப் பணத்தில் பெரும்பங்கை உழைத்துக் கொடுத்தவர்கள் ஒரே நாளில் எந்த நாட்டுக்கும் இல்லாதவர்கள் ஆனார்கள். 1949-ல் வாக்கும் போயிற்று. ஒருவரும் ஓர் அடி நகரவில்லை. இதற்கு உங்கள் கைடில் என்ன வகை போட்டிருக்கிறது, தேன்மொழி?

தேன்மொழி

இல்லை அக்கா. அப்படி ஒரு வகையே இல்லை.

கோத்தகிரிக்காரன்

அப்படியானால் எங்கள் வகையும் இருக்காது.

1964 அக்டோபரில் இலங்கைப் பிரதமர் சிறிமாவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் ஒப்பந்தம் போட்டார்கள். நாடற்றவர்கள் 9,75,000 பேர் என்று கணக்கு. அதில் 5,25,000 பேரை இந்தியா எடுத்துக்கொள்ளும், 3,00,000 பேருக்கு இலங்கை குடியுரிமை தரும். பாக்கி 1,50,000 பேரைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டு, 1974-ல் இந்திரா காலத்தில் ஆளுக்குப் பாதியாகப் பிரித்தார்கள். இலங்கை நான்கு பேருக்குக் குடியுரிமை தந்தால் இந்தியா ஏழு பேரை எடுத்துக்கொள்ளும் என்று விகிதம். பாகப்பிரிவினையில் அண்டா குண்டா பிரிப்பது போலத்தான். அந்த மக்களின் பிரதிநிதி யாரையும் உட்கார வைத்துக் கேட்கவில்லை. விண்ணப்பம் போடச் சொன்னபோது, இந்தியா போகிறேன் என்றவர்களை விட இலங்கையிலேயே இருக்கிறேன் என்றவர்கள்தான் அதிகம். ஒப்பந்தக் கணக்கு அதற்கு நேர் எதிராக இருந்தது.

அப்பா பிறந்தது பதுளைப் பக்கம். இந்தியாவைப் படத்தில்கூடச் சரியாகப் பார்த்ததில்லை. 73, 74-ல் தோட்டங்களில் பட்டினி. மாவுக்கு வரிசை, அரிசி கிடையாது. அதற்குப் பிறகுதான் தாத்தா விண்ணப்பம் போட்டார். கண்டியில் இருந்த இந்தியத் தூதரக அலுவலகத்தில் பாஸ்போர்ட் வாங்கி, தலைமன்னாரில் கப்பல் ஏறி, ராமேஸ்வரத்தில் இறங்கி, பாண்டி அண்ணன் சொன்ன அதே மண்டபம். அங்கே குடும்ப அட்டை கொடுத்து, எந்தத் திட்டம் வேண்டும் என்று கேட்டார்கள். தமிழ்நாடு அரசின் டான்டீ தேயிலைத் தோட்டத்தில் இடம் எல்லாருக்கும் இல்லை. நூற்பாலை, ரப்பர் தோட்டம் என்று சிலருக்கு. கர்நாடகத்தில் சுள்ளியா, கேரளத்தில் புனலூர் வரை ரப்பருக்கு அனுப்பினார்கள். எங்கள் குடும்பத்துக்கு விழுந்தது வியாபாரக் கடன்.

கவ்வாத்து வெட்டத் தெரிந்தவருக்குச் சமவெளியில் பெட்டிக்கடை வைக்கச் சொல்லிக் கடன். எங்கள் தாத்தாவுக்குத் தராசு பிடிக்கத் தெரியாது. கடன் வாங்கித் தருகிறேன் என்ற தரகர் ஒரு பங்கை எடுத்துக்கொண்டார், மிச்சம் ஆறு மாதத்தில் கரைந்தது. முன்னால் வந்த உறவுக்காரர் ஒருவர் கோத்தகிரியில் தனியார் தோட்டத்தில் இருந்தார். அவரைப் பிடித்து மலை ஏறினோம். நீலகிரியில் இருக்கும் எங்கள் ஆட்களில் பலருடைய கதை இதுதான். அரசாங்கம் போட்ட இடம் ஒன்று, போய்ச் சேர்ந்த இடம் ஒன்று. கொடைக்கானல் பக்கம் போன சிலரைக் கொத்தடிமையாகவே வைத்திருந்து, 80-களில் வழக்கு நடந்து மீட்டார்கள்.

இங்கே பெயர் சிலோன்காரன். சாதிச் சான்றிதழுக்குப் போனால், பூர்வீகம் எது, ஆதாரம் எங்கே என்று கேள்வி. ஒரு அலுவலகத்தில் என் தங்கையின் ஸ்காலர்ஷிப் விண்ணப்பம் இதனாலேயே இரண்டு வருடம் கிடந்தது.

கணக்கன் சார், 1870-ல் போனவர் விரும்பிப் போனார் என்றே வைத்துக்கொள்வோம். 1970-களில் கூட்டி வந்தது?

கணக்கன்

அதைக் கட்டாயம் இல்லை என்று நான் சொல்லவே இல்லை. இரண்டு அரசாங்கங்கள் மேசையில் உட்கார்ந்து முடிவெடுத்தால் அது கட்டாயம்தான். ஆனால் பட்டினி காரணமாகத் தாத்தா விண்ணப்பம் போட்டார் என்கிறீர்கள். அதே பட்டினியைக் காட்டித்தானே தேன்மொழி அன்றைக்குத் தோட்டத்துக்குப் போனவரையும் விருப்பப்பட்டுப் போனவர் இல்லை என்கிறார்? பட்டினியெல்லாம் கட்டாயம் என்றால் உலகத்தில் நடக்கும் இடப்பெயர்வில் முக்கால்வாசி கட்டாயமாகிவிடும். பிறகு அந்தப் பிரிவினைக்கு அர்த்தம் என்ன?

வியாசர்பாடி பையன்

எங்கள் பர்மா கதையையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 1942-ல் ஜப்பான்காரன் குண்டு போட்டபோது கொள்ளுத்தாத்தா ரங்கூனிலிருந்து நடந்தே வந்தார். சண்டை முடிந்ததும் திரும்பவும் போனார்! 62-ல் ராணுவத் தளபதி நெ வின் ஆட்சியைப் பிடித்து, கடைகளை நாட்டுடைமை ஆக்கிய பிறகு கப்பலில் வந்ததுதான் கடைசி. ஒரே ஆள், அகதியாக ஒருமுறை, பிழைப்புக்காக ஒருமுறை, விரட்டப்பட்டு ஒருமுறை. சென்னை பர்மா பஜார், அத்தோ நூடுல்ஸ் எல்லாம் அப்படி வந்தவர்களுடையது. ரெப்கோ வங்கி 1969-ல் தொடங்கியதே பர்மாவிலிருந்தும் சிலோனிலிருந்தும் வந்தவர்களுக்காகத்தான்.

திருப்பூர் சூப்பர்வைசர்

பழைய கதை நன்றாக இருக்கிறது. நான் பனியன் கம்பெனியில் இருக்கிறேன். எங்கள் லைனில் பாதிப் பேர் ஒடிசா, பீகார், ஜார்க்கண்ட். அவர்களை அழைத்து வருவது யார் தெரியுமா? அதே ஊர்க்காரன், முன்னாலேயே இங்கே வந்து மொழி கற்றுக்கொண்டவன். ரயில் டிக்கெட் எடுத்துக் கொடுப்பான், ஊரில் வீட்டுக்கு அட்வான்ஸ் கொடுப்பான், இங்கே அறை பார்த்து வைப்பான். கம்பெனியில் தலைக்கு இவ்வளவு என்று வாங்கிக்கொள்வான். வாத்தியார் கங்காணியைப் பற்றி எழுதியதைப் படித்தபோது எங்கள் கான்ட்ராக்டர் முகம்தான் வந்தது.

2020 ஊரடங்கில் இவர்களை ரயில் நிலையத்தில் பார்த்திருக்க வேண்டும். 2023 மார்ச்சில் பீகார்க்காரர்களை அடிக்கிறார்கள் என்று பொய் வீடியோ பரவியபோதும் மூட்டை கட்டினார்கள். மாநிலம் விட்டு வரும் தொழிலாளருக்கு 1979-லேயே சட்டம் போட்டார்கள். பதிவேட்டில் பெயர் இருக்கிறதா என்று யாராவது வந்து பார்த்தால் சரி.

தேன்மொழி

எல்லாவற்றையும் படித்த பிறகு ஒன்று தோன்றுகிறது, சரியா பாருங்கள். கிளம்பும்போது விருப்பமா கட்டாயமா என்று கேட்டால் கணக்கன் சொல்கிற மாதிரி முடிவே வராது; பசி எல்லாரையும்தான் தள்ளுகிறது. அதற்குப் பதில், வேண்டாம் என்று தோன்றினால் திரும்ப முடிந்ததா என்று கேட்டால்?

காப்பிக் காலத்து ஆள் உயிர் பிழைத்தால் திரும்பலாம். தேயிலைக் காலத்து ஆளைத் துண்டு பிடித்து வைத்தது. 1939-க்குப் பிறகு போய்விட்டு வருவதே சிக்கல். 1964-க்குப் பிறகு வந்தவருக்கு மறுபடி பதுளைக்குப் போக வழியே இல்லை. திருப்பூர் தொழிலாளி இப்போதைக்கு ரயில் ஏறிவிடலாம், அட்வான்ஸ் கடன் இல்லாதவரை. இப்படி வரிசை வைத்தால் யார் நிலைமை மோசம் என்று தெரிகிறது.

புதுகை வாத்தியார்

இது நல்ல கேள்வி. 1865 சட்டம், துண்டு, 1939 தடை, 1948 சட்டம், 1964 ஒப்பந்தம், எல்லாமே ஆள் நகர்வதை யார் கட்டுப்படுத்துவது என்பதைப் பற்றியவைதான். முதலில் கங்காணியும் துரையும், அப்புறம் இரண்டு அரசாங்கங்கள். பசியைச் சட்டம் போட்டு யாரும் உண்டாக்கவில்லை என்று கணக்கன் சொல்லக்கூடும். ஆனால் திரும்பும் வழியை அடைத்தது சட்டம்தான்.

கணக்கன்

இதை ஏற்றுக்கொள்ளலாம். குறைந்தபட்சம் சோதித்துப் பார்க்கக்கூடிய அளவுகோல். ஆனால் பஞ்ச காலத்தில் திரும்பி என்ன செய்வது? வழி திறந்திருந்தாலும் ஊரில் வேலை இல்லை என்றால் அந்தத் திறப்பு பேருக்குத்தான்.

ஹட்டன் மகள்

எனக்கு இதில் ஒரு சங்கடம் இருக்கிறது, சொல்லிவிடுகிறேன். திரும்பி வருவது, திரும்பி வருவது என்று நீங்கள் எல்லாரும் எழுதும்போது, நாங்கள் இன்னும் உங்கள் ஊரிலிருந்து வெளியே போன ஆக்கள் போலவே ஆகிவிடுகிறோம். நாங்கள் எங்கேயும் திரும்பத் தேவையில்லை. 1946-ல் நாட்டின் சனத்தொகையில் எங்கள் பங்கு நூற்றுக்குப் பதினொன்றுக்கு மேல், 1981-ல் ஐந்தரை அளவுக்குக் குறைந்துவிட்டது. இவ்வளவு பேரை ஏற்றி அனுப்பிய பிறகும் இருந்தவர்கள் நாங்கள். 77, 83 கலவரங்களில் வவுனியா, கிளிநொச்சிப் பக்கம் ஓடிக் காடு வெட்டிக் குடியேறியவர்களும் எங்கள் ஆக்கள்தான். பிறகு போரில் அங்கேயும் அடிபட்டார்கள். மிச்சமிருந்த நாடற்றவர்களுக்கு 2003 சட்டத்தில்தான் பிரஜாவுரிமை முழுதாக வந்தது.

ஆகவே தேன்மொழியின் கேள்வியோடு இன்னொன்றையும் சேருங்கள்: இருக்க விரும்பினால் இருக்க முடிந்ததா? திரும்ப வழியில்லாதது ஒரு கொடுமை. இருக்க விடாதது இன்னொன்று. எங்களுக்கு இரண்டும் நடந்தது.

இப்போது நடப்பதையும் எழுத வேண்டும். தோட்டத்துச் சம்பளம் கட்டுப்படியாகாமல் பொடியன்கள் கொழும்புக் கடைகளுக்குப் போகிறார்கள், பெண்கள் வீட்டு வேலைக்கு வளைகுடாவுக்கு. மறுபடியும் ஏஜென்ட், மறுபடியும் முன்பணம். பாஸ்போர்ட்டை எஜமான் வாங்கி வைத்துக்கொள்கிறான்.

கோத்தகிரிக்காரன்

அக்கா சொன்னது சரி. இருக்க முடிந்ததா என்ற கேள்வி இங்கேயும் முடியவில்லை. 2022-ல் டான்டீயின் ஏறத்தாழ 2,150 ஹெக்டேரை வனத்துறைக்குத் திருப்பிக் கொடுக்க அரசு முடிவெடுத்தது. நஷ்டம் என்று காரணம். ஓய்வு பெற்றால் குவார்ட்டர்ஸைக் காலி செய்ய வேண்டும். வீட்டுத் திட்டம் அறிவித்திருக்கிறார்கள்தான். ஆனால் அந்தத் தோட்டங்களைக் காட்டிலிருந்து உண்டாக்கியவர்களின் பிள்ளைகள் இப்போது கோயம்புத்தூர், திருப்பூர் என்று இறங்குகிறார்கள். சூப்பர்வைசர் அண்ணன் லைனில் எங்கள் ஆட்களும் இருப்பார்கள்.

திருப்பூர் சூப்பர்வைசர்

இருக்கிறார்கள். கூடலூர்ப் பிள்ளைகள் நிறைய.

பரமக்குடிப் பாண்டி

83-க்குப் பிறகு முகாம்களுக்கு வந்தவர்களிலும் மலையகத்துக்காரர்கள் ஒரு பகுதி இருக்கிறார்கள். சாஸ்திரி ஒப்பந்தப்படி இந்தியக் குடியுரிமைக்கு உரியவர்களின் வாரிசுகள்கூட அதில் உண்டு. 2019 குடியுரிமைத் திருத்தச் சட்டத்தில் இலங்கையே இல்லை. முகாம்களுக்கு 2021-ல் மறுவாழ்வு முகாம் என்று பெயர் மாற்றினார்கள். குடியுரிமை இன்னும் வரவில்லை.

ஹட்டன் மகள்

வாத்தியார் ஐயா, ஒரு தனிப்பட்ட கேள்வி. அம்மாவின் அப்பா வழி ஊரைக் கண்டுபிடிக்க ஏதாவது வழி உண்டா? எங்களுக்குத் தெரிந்தது "புதுக்கோட்டைப் பக்கம், குளத்துக்குக் கிழக்கே" என்பது மட்டும்தான். குடியேற இல்லை, பார்க்கத்தான்!

புதுகை வாத்தியார்

புதுக்கோட்டையில் குளமில்லாத ஊர் ஏது அம்மா. மூன்றைத் தேடுங்கள். ஒன்று, 70-களில் இந்தியாவுக்கு வந்த உறவினர் யாராவது இருந்தால் அவர்களுடைய பழைய பாஸ்போர்ட், மண்டபம் குடும்ப அட்டை. கோத்தகிரித் தம்பி, உங்கள் வீட்டில் இருப்பதில் பூர்வீக ஊர் எழுதியிருக்கிறதா?

கோத்தகிரிக்காரன்

எங்கள் தாத்தா பாஸ்போர்ட்டில் கிராமம், தாலுகா இரண்டும் இருக்கிறது. எழுத்துப்பிழையோடு.

புதுகை வாத்தியார்

நல்லது. இரண்டு, தோட்டத்தில் ஆட்களின் பெயரும் வேலையும் பதிந்த பழைய செக்ரோல் புத்தகம் ஏதும் மிஞ்சியிருக்கிறதா என்று கேளுங்கள். பெரிய கங்காணியின் பெயர் கிடைத்தால் போதும், அவர் ஊரைச் சுற்றித்தான் ஆள் எடுத்திருப்பார். மூன்று, குலதெய்வத்தின் பெயர். சாமி பேரும் கங்காணி பேரும் கிடைத்தால் இங்கே எழுதுங்கள். குளத்தூர், விராலிமலை, திருமயம் பக்கம் எனக்குத் தெரிந்த பூசாரிகளிடம் விசாரிக்கிறேன்.

ஹட்டன் மகள்

சாமி பேர் அம்மாவுக்குத் தெரியும். கேட்டுக்கொண்டு நாளைக்கு எழுதுகிறேன்.